சின்னவனை ஆறு விட்டுவிட்ட பக்கம்

தென்னூரில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடையில் அதிகம் வருவது கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான். கதைப் புத்தகம் எப்போதாவது வரும். இருபத்தாறு வருடமாக அங்கே தமிழ் அடிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன், பிறகு டைப்ரைட்டிங். அதற்கு மேல் படிப்பு இல்லை.

எங்கள் முதலாளி முதல் நாளே ஒன்று சொன்னார். "எழுதியிருக்கறத அப்படியே அடிங்க. சரியா தப்பான்னு பாக்கறது அவங்க வேலை." மாப்பிள்ளையின் படிப்பைக் கூட்டி எழுதிக் கொடுப்பார்கள். செத்துப்போனவரின் வயதைக் குறைத்து எழுதிக் கொடுப்பார்கள். அப்படியே அடிப்பேன். அவர்கள் புரூஃப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கேட்கவும் வராது, நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்காது.

ஒரே ஒரு தடவை மட்டும் எழுதியிருந்ததை மாற்றி அடித்தேன்.

போன தை மாதம், பொங்கல் வேலை ஓய்ந்திருந்த சமயம், ஒருவர் வந்தார். திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். துணிப்பையிலிருந்து நான்கு லாங் சைஸ் நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்து, "நாவல்" என்றார். சொல்லிவிட்டு, தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரிச் சிரித்தார்.

முதலாளி நோட்டைப் புரட்டினார். "என்ன ஸார், பேய்க் கதையா?"

"ஆத்துக் கதைங்க. கொள்ளிடத்துக் கதை. பேயும் வரும், கொஞ்சமா."

"காதல் இருக்கா?"

"காதல் இருக்கறதாலதாங்க பேயே வருது."

"நடுவுல போஸ்டர் வந்தா இத நிறுத்தி வெச்சிட்டு அத முடிச்சிருவோம். செத்தவங்க வெயிட் பண்ண மாட்டாங்க."

"என் கதையிலயும் எல்லாரும் செத்தவங்கதான். இவங்க வெயிட் பண்ணுவாங்க" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கீபோர்டைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

தொழிற்சாலைக் குடியிருப்பில் பெண்கள் சொல்லிக் கேட்ட பழங்கதை கொஞ்சம், மற்றதெல்லாம் அவரே கட்டியது என்றார். கதை இதுதான். கொள்ளிடக் கரையில் ஆறு அண்ணன்களுக்கு ஒரு தங்கை. அவளுக்குக் கீழே எட்டு வயதில் ஒரு தம்பி. அவள் ஒரு பரிசல்காரனை விரும்புகிறாள். தினமும் அவனைப் பார்க்கப் போகும்போது, வெளியே சொல்லாமல் இருப்பதற்குத் தம்பி கையில் ஓர் அச்சு வெல்லம் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் வெல்லம் கொடுக்க மறந்துபோகிறாள். தம்பி அண்ணன்களிடம் சொல்லிவிடுகிறான்.

அவர்கள் பரிசல்காரனைக் கொன்று ஆற்றின் நடுவே மணல்திட்டில் புதைக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு மருத மரம் முளைக்கிறது. அவள் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிழல் அவள்மேல்தான் இருக்கும். அண்ணன்கள் மரத்தையும் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் வரவில்லை, தண்ணீர் வருகிறது. அது நிற்கவே இல்லை. அவள் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து அந்தத் தண்ணீருக்குள் போய்விடுகிறாள். அதன் பிறகு ஆறு அவர்களை ஒவ்வொருவராகத் தேடுகிறது. மூத்தவனை முழங்கால் ஆழத்தில் எடுத்துக்கொள்கிறது. இன்னொருவன் வறண்ட கிணற்றில் மூழ்குகிறான். இன்னொருவன் உள்ளங்கையில் ஏந்திக் குடித்த தண்ணீரில் மூச்சுத் திணறிப் போகிறான்.

வெல்லம் மறந்துபோன பக்கத்தை அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. முதலாளி, "என்னம்மா, கரன்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு ஓர் அக்கா. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. எனக்குத் தலை பின்னிவிட்டது, சோறு போட்டது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அக்காதான்.

அவள் பதினெட்டு வயதில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனாள். பக்கத்து மெஷினில் ஒருவர் உட்கார்ந்தார். பாடத் தாளில் மூன்று வரி பயிற்சி அடித்துவிட்டு, நான்காவது வரியில் அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை அடிப்பார். பார்ப்பவர்களுக்குப் பயிற்சித் தாள் மாதிரித்தான் இருக்கும். அங்கே எல்லார் கண்முன்னால் கொடுக்க முடியாது என்று, அதை மடித்து என் பள்ளிக்கூட வாசலில் வந்து என்னிடம் கொடுப்பார். கூடவே ஒரு கடலை மிட்டாய். "அக்காட்ட குடுத்துரு பாப்பா" என்பார். நான் கொடுப்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

பரீட்சை முடிந்து அக்கா வகுப்புக்குப் போகாத வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் அவசரமாக வந்தார். தாளைக் கொடுத்தார். மிட்டாய் இல்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மிட்டாய்க்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்த வாரம் அக்கா தன் பாவாடை தாவணிகளை எல்லாம் துவைத்து மடித்துத் தனியாக வைத்தாள். எனக்கு ரெட்டைச் சடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். "நீயே போட்டுக்கப் பழகு" என்றாள். தாளைத் தெருவிலேயே பிரித்துப் படித்தேன். நான்காவது வரியில், "வெள்ளி காலை ஆறு மணி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, சேலம் பஸ்" என்று இருந்தது. அக்கா போய்விடுவாள் என்று புரிந்துவிட்டது.

அப்பா கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அக்காட்ட இதப் பத்திப் பேசாத" என்றார். மறுநாள் எனக்கு ஒரு பொட்டலம் நிறையக் கடலை மிட்டாய் வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை. "ஊரை விட்டே போயிட்டானாம். சொல்லிக்காமக்கூடப் போயிருக்கான்" என்று அப்பா யாரிடமோ சொல்வது போல அக்கா காதில் விழச் சொன்னார். அக்கா பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோராவது நாள் சாப்பிட்டாள். ஆவணியில் மணப்பாறையில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மாட்டுச் சந்தையில் தரகு வேலை. அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

நான் பத்தாவது முடித்ததும் அதே இன்ஸ்டிடியூட்டில் அப்பா என்னைச் சேர்த்தார். அக்காவுக்குத் தாள் அடித்தவர் உட்கார்ந்த மெஷினில்தான் நானும் அடிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு நான் சாப்பிடும் சோறு அதிலிருந்து வந்தது. கல்யாணம் எனக்கு அமையவில்லை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். அந்தத் தாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

நாவலுக்கு வருகிறேன். ஆறு அண்ணன்களும் போன பிறகு தம்பி மட்டும் மிஞ்சுகிறான். தண்ணீரே இல்லாத ஒரு மொட்டைப் பாறைமேல் ஏறி, பனியை நக்கிக்கொண்டு பன்னிரண்டு வருடம் இருக்கிறான். கடைசி அத்தியாயத்தில் கையில் ஓர் அச்சு வெல்லத்துடன் இறங்கி வருகிறான். ஒன்றும் பேசாமல் ஆற்றில் இறங்குகிறான். ஆறு அவனையும் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான், முற்றும்.

அந்தப் பக்கத்தை இரண்டு நாள் அடிக்காமல் வைத்திருந்தேன். நடுவில் மூன்று போஸ்டர் வந்தது, அது நல்லதாய்ப் போயிற்று. மூன்றாம் நாள் அடித்தேன். நோட்டில் இருந்ததை அடிக்கவில்லை. "ஆறு அவன் பாதத்தை நனைத்தது. அவன் கையில் இருந்த வெல்லத்தை மட்டும் கரைத்துக்கொண்டு, அவனை விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று" என்று அடித்தேன். என் வாழ்க்கையில் நான் சொந்தமாக எழுதியது அந்த இரண்டு வரிதான். அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேனா, கவனிக்க வேண்டும் என்று நினைத்தேனா, தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் புரூஃப் கட்டுடன் வந்தார். கடையில் பத்திரிகை மாடல் பார்த்துக்கொண்டு ஒரு கல்யாணக் கோஷ்டியே உட்கார்ந்திருந்தது. அவர் நேராக என் மேசைக்கு வந்து கடைசித் தாளை வைத்தார்.

"யாரும்மா இந்தப் பயலக் காப்பாத்துனது?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன ஸார், மிஸ்டேக்கா?"

"மிஸ்டேக்கெல்லாம் இல்ல. நான் கொன்னு போட்டவன் உசுரோட வந்துட்டான்."

கல்யாணக் கோஷ்டி திரும்பிப் பார்த்தது. சாதாரணமாக இருந்தால், "தப்பா விழுந்திருச்சு ஸார், மாத்திடறேன்" என்று முடித்திருப்பேன். என்ன வந்ததோ, "அவன் சின்னப் பையன் ஸார்" என்றேன்.

"தெரியும். எட்டு வயசுன்னு எழுதுனவனே நான்தான்."

"அப்பறம் ஏன் ஸார்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "சொன்னதுக்காக அவன் சாகலம்மா. பன்னெண்டு வருஷம் பாறைமேல உக்காந்திருந்தான் பாருங்க. ஒரு நாளாச்சும் எறங்கி வந்து, அக்கா நான்தான் சொன்னேன்னு அவகிட்டச் சொன்னானா? வெல்லத்தக் கொண்டாந்து நீட்டுறான். வெல்லத்த வெச்சிக்கிட்டு ஆறு என்னம்மா பண்ணும்?"

"சொன்னா விட்டுருமா ஸார்?"

"அது எனக்குத் தெரியாது. நான் கதைதான எழுதுறேன்."

நோட்டில் இருந்ததை அப்படியே திருப்பி அடித்துக் கொடுத்தேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, நான் மாற்றியிருந்த தாளைக் கிழித்துப் போடப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு, மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு வருடம் என்பது அவன் கணக்கு. என்னுடையது முப்பத்தெட்டு.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணப்பாறைக்கு பஸ் ஏறினேன். அக்கா வீட்டில் முறுக்குப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவளும் மருமகளும்தான் வேலை. அத்தானுக்கு வயதாகிவிட்டது, கட்டிலில் படுத்து டிவி பார்ப்பார். பின்கட்டில் அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை பாதி வேகவைத்து எடுத்த முறுக்கை ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடி பாப்பா. என்ன, அதிசயமா ஆடிக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே நீ வந்திருக்க?" என்றாள். ஐம்பது வயதை நெருங்கும் என்னை அவள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "கையில என்ன தாளு?"

"நான் அடிச்ச கதைக்கா."

"படி கேப்போம். புகையில எனக்குக் கண்ணு தெரியல."

படித்தேன். முழுவதும் இல்லை, வெல்லம் வருகிற இடமும் மருத மரமும் கடைசி அத்தியாயமும். அக்கா ஜல்லிக்கரண்டியால் முறுக்கைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். மரம் வெட்டுகிற இடத்தில் "ஐயோ" என்றாள். சின்னவனை ஆறு கொண்டுபோனதும், "வேணும் அந்தப் பயலுக்கு. ஒரு வெல்லத்துக்குப் போயி" என்று சிரித்தாள்.

"அக்கா, நானும் அப்படித்தான் செஞ்சேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. செவ்வாய்க்கிழமை, சைக்கிள், தாள், அப்பாவின் சட்டைப் பை. மிட்டாயைப் பற்றி முதலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லக் கூடாததை முதலில் சொல்லிவிட்டேன் என்று பிறகு தோன்றியது.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால், "போடி, சின்னப் புள்ள, ஒனக்கென்ன தெரியும்" என்பாள் என்று. பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டாவதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"தாள்ல என்ன இருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். வெள்ளி காலை ஆறு மணி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு. சேலம் பஸ்.

"வந்து நின்னாராமா?"

"தெரியலக்கா. அப்பா அன்னைக்கு விடியக்காலையிலயே போனாங்க."

அக்கா எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கு சிவந்து, பிறகு கறுத்தது. அவள் எடுக்கவில்லை. மருமகள் உள்ளேயிருந்து, "அத்தை, தீயுது" என்று ஓடி வந்து சட்டியை இறக்கினாள். தீய்ந்த புகை பின்கட்டு முழுவதும் நின்றது.

"சொல்லாமப் போனான்னு முப்பத்தெட்டு வருஷமா அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி" என்றாள் அக்கா. "அதுல ஒரு நாளு தவறல."

அவன் கைவிட்டுவிட்டான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மணப்பாறைக்கு வாக்கப்பட்டு வந்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், இத்தனை வருடம் இந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அதையும் நான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். என் மனசுப் பாரம் இறங்க வேண்டும் என்று போனேன். இறங்கியது, இறங்கி அவள்மேல் ஏறிக்கொண்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

எப்போதும் தெருமுனை வரை வந்து வழியனுப்புவாள். அன்றைக்கு மருமகள்தான் பின்னால் ஓடி வந்தாள். "சின்னத்தை, முறுக்கு மறந்துட்டீங்க" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். அக்கா கொடுத்தனுப்பியது இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை.

அதன் பிறகு போன் செய்தால் மருமகள்தான் எடுத்தாள். "அத்தை அடுப்படியில இருக்காங்க" என்பாள்.

ஆடிப் பதினெட்டுக்கு அக்கா வருடம் தவறாமல் ஸ்ரீரங்கம் வருவாள். அம்மா மண்டபம் படித்துறையில் இரண்டு பேரும் வாழையிலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்துக் காவேரிக்குக் கும்பிடுவோம். ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்து காப்பரிசி நான் செய்துகொண்டு போவேன். கும்பிட்டு முடித்ததும் அக்கா மஞ்சள் கயிற்றை எடுத்து எனக்குக் கட்டிவிடுவாள். மூன்று முடிச்சுப் போட்டு, "அடுத்த வருஷம் வரைக்கும் அவுக்காத" என்பாள். அம்மா இறந்த வருடத்திலிருந்து அவள்தான் கட்டுகிறாள். வேறு யாரும் எனக்குக் கட்டியதில்லை.

இந்த வருடமும் இரண்டு பேருக்குக் காப்பரிசி செய்தேன். மணப்பாறை பஸ் வந்து சேரும் நேரம் எனக்குத் தெரியும். ஏழு மணிக்கே போய், எப்போதும் உட்காரும் தூண் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. சில வருடம் மணல்தான் இருக்கும், இந்த வருடம் அப்படி இல்லை. படித்துறை முழுவதும் கூட்டம், புது மஞ்சள் வாசனை.

ஒன்பது மணி இருக்கும். அக்காவைப் பார்த்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், இருபது முப்பது அடி தள்ளி, மருமகளுடன் படியிறங்கிக்கொண்டிருந்தாள். போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவை. தூண் பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு குனிந்து இலையைப் போட்டாள்.

எழுந்து போயிருக்கலாம். இடையில் இருந்தது கூட்டம் மட்டும்தான். எழுந்தவள், அந்தப் பக்கம் போகாமல் இரண்டு படி இறங்கித் தண்ணீரில் நின்றுகொண்டேன். அங்கே அவள் கும்பிட்டாள், விளக்கை ஆற்றில் விட்டாள், தன் கழுத்துக் கயிற்றை மாற்றிக்கொண்டாள், மருமகளுக்குக் கட்டிவிட்டாள். அதையெல்லாம் நான் கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுபடியும் வந்தது. நான் அடித்த அந்த இரண்டு வரி ஞாபகம் வந்தது. எவ்வளவு சுலபமாக அடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் அந்தப் பக்கப் படி வழியாகவே ஏறிப் போனார்கள். பச்சைப் புடவை கூட்டத்தில் கலந்து மறைகிறவரை நின்றேன்.

பக்கத்தில் பூஜை முடித்த ஓர் அம்மா என் இலையைப் பார்த்தார். மஞ்சள் கயிறு வைத்தபடியே இருந்தது. "கூட யாரும் வரலியாம்மா? குடுங்க, நான் கட்டி விடறேன்" என்று கை நீட்டினார்.

"இல்லீங்க. எங்க அக்கா வருவாங்க" என்றேன்.